கரையைக் கடந்த பிறகு

வியாழக்கிழமை ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது மாமா வாசலிலிருந்து கூப்பிட்டார். "அம்மணி, இங்க வந்து நெலாவப் பாரு."

ஈரக்கையோடு போய்ப் பார்த்தேன். வளர்பிறை நிலா. சுற்றிலும் பெரிய வட்டம். கையை நீட்டிச் சாண் விரித்து அளந்தேன். கட்டைவிரலை நிலாமேல் வைத்தால் சுண்டுவிரல் வட்டத்தின் விளிம்பைத் தொட்டது. 'அகல் வட்டம் பகல் மழை' என்று மாமா ஆரம்பிப்பார் என நினைத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் களத்தைப் பார்த்தார். களத்தில் இரண்டு நாள் காய்ந்த தேங்காய்ப் பருப்பு கிடந்தது.

எங்கள் தோட்டம் காங்கயத்துக்குத் தெற்கே, தாராபுரம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. தோட்டத்தை ஒட்டி 60 அடிக்கு 100 அடி சிமெண்ட் களம். காயை உடைத்துத் தொட்டியோடு, அதாவது கொட்டாங்குச்சியோடு, வெயிலில் கவிழ்க்காமல் மல்லாத்திப் போட்டால் இரண்டு நாளில் பருப்பு சுருங்கித் தொட்டியை விட்டுக் கழன்றுவரும். அதற்கப்புறம் நான்கைந்து நாள் நல்ல வெயில் வேண்டும். பச்சைத் தேங்காயில் பாதிக்குப் பாதி தண்ணீர்தான். அது நூற்றுக்கு ஆறு, ஏழு என்று இறங்கினால்தான் மில்லில் வாங்குவார்கள். நடுவில் வெயில் போனால் மேலே பிசுபிசுப்பு வரும், அடுத்த நாள் பூசணம் பூக்கும், பிறகு செவந்துபோகும். கந்தகப் புகை போட்டு வெளுக்க வைப்பவர்களும் உண்டு. நாங்கள் போடுவதில்லை. அதனால் எங்கள் வீட்டில் வானத்தைப் பார்ப்பது ரசனைக்காக இல்லை. சரி, கொஞ்சம் ரசனையும் உண்டு.

நான் பிறந்தது பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆனைமலைப் பக்கம். அங்கே மழை என்றால் மேற்கு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனியில் காற்று வரும், கூடவே சாரல் வரும். குடையை எந்தப் பக்கம் சாய்த்துப் பிடிப்பது என்று குழந்தைகளுக்கே தெரியும். கல்யாணமாகி இங்கே வந்த முதல் வருஷம் ஆனி மாதம் மேற்கே கருகருவென்று மேகம் திரண்டதைப் பார்த்து, கொடியில் கிடந்த துணியெல்லாம் எடுத்து மடித்து வைத்துவிட்டேன். அத்தை சிரித்தார். "அது சும்மா போற மேகம் கண்ணு. நம்மூருக்கு மேகாத்துல தூசிதான் வரும்." அப்படியேதான் நடந்தது. மேகாத்து என்றால் மேற்குக் காற்று. மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு வரும் காற்று அது. இங்கே வந்து காற்றாலையைச் சுற்றிவிட்டுப் போகும். இந்த மண்ணுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கேயிருந்துதான் வர வேண்டும். கிழக்கே பார்க்கக் கற்றுக்கொள்ள எனக்கு ஏழெட்டு வருஷம் ஆயிற்று.

சரியாகச் சொன்னால் 2018 ஆனது. அந்த வருஷம் நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. அதுவரை புயல் என்பது எனக்கு டிவியில் வரும் சமாச்சாரம். கஜா கரையோடு நிற்காமல் உள்ளே ஏறித் திண்டுக்கல் பக்கமாக நடந்து கேரளாவுக்குள் போனது. எங்களுக்குக் காற்றும் கொஞ்சம் மழையும்தான். ஆனால் அதற்கப்புறம் ஒரு நாள் பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு லோடு காய் வந்தது. பாதிக்கு மேல் முற்றாத காய். உடைத்தால் பருப்பு வழுக்கையாக இருந்தது. லாரியோடு வந்த அண்ணன் விலையே பேசவில்லை, "குடுக்கறதக் குடுங்க" என்றார். சாய்ந்த மரத்திலிருந்து பொறுக்கியதாம். ஒரு தென்னங்கன்று காய்க்க ஐந்தாறு வருஷம் ஆகும் என்பது தென்னை வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். அவர் டீயைக் குடித்துவிட்டு எங்கள் மரங்களையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மாமா அவரிடம் அந்தக் காயை முற்றின காய் விலைக்கே எடுத்துக்கொண்டார். எங்கள் வீட்டுக்காரர் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார், ஆனால் மாமாவுக்குக் கேட்காத தூரத்தில் நின்றுகொண்டு.

அந்த வருஷம் ஒரு நோட்டு போட்டேன். பக்கவாட்டு நேராக இருக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் டப்பா ஒன்றும் ஒரு ஸ்கேலும். வாய் அகலமும் அடி அகலமும் ஒன்றாக இருந்தால் எந்தப் பாத்திரமும் மழையை அளக்கும். தினமும் காலை எட்டரைக்குப் பார்த்து எழுதுவேன். வானிலை மையமும் எட்டரையிலிருந்து எட்டரை வரைதான் ஒரு நாள் கணக்கு வைக்கிறது. இப்போது கோடு போட்ட அளவி ஒன்று வாங்கிவிட்டேன். பழைய டப்பாவில் புளி இருக்கிறது.

இனி இந்தத் தடவை வந்ததைப் பற்றி. இதற்குப் பெயரில்லை. காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் புயல் என்று பெயர் வைப்பார்கள். 50-லிருந்து 61 வரை ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், அதற்குக் கீழே 31 வரை வெறும் தாழ்வு மண்டலம். இது மண்டலத்தோடு நின்றுவிட்டது. போனில் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தால் பஞ்சை ஒருபக்கமாக ஊதிவிட்ட மாதிரி இருந்தது. மேலே அடிக்கிற காற்று, மேகத்தை நடுவிலிருந்து தள்ளிவிட்டிருந்தது. வெள்ளிக்கிழமை காலை பையன் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து கீழே ஓடும் எழுத்தில் மாவட்டம் மாவட்டமாகப் படித்தான். நாகப்பட்டினம் லீவு, மயிலாடுதுறை லீவு, கடலூர் லீவு. "நம்ம மாவட்டம் வரவே வராதாம்மா?" என்று கேட்டான். புயலுக்குத் திருப்பூர் மாவட்டம் லீவு வாங்கியதாக எனக்கு நினைவில்லை என்று சொல்லி ஸ்கூலுக்குத் தாட்டிவிட்டேன்.

அன்றைக்கு வெயில் வந்தது. ஆனால் மாவில் தண்ணீர் கூடிப்போன தோசை மாதிரி வெளிறிய வெயில். ராத்திரி நிலாவுக்கு வட்டம் போட்ட அதே மேகம்தான், உயரத்தில் பனித்துகளாக இருக்கும் மெல்லிய மேகம், சூரியனையும் மூடியிருந்தது. நிழல் விழுந்தது, ஓரம் தெளிவாக இல்லை. பத்து மணிக்கு மேல் தாழ்வாகக் கறுத்த துணுக்கு மேகங்கள் வடக்கேயிருந்து தெற்கே ஓட ஆரம்பித்தன. மேலேயிருந்த வெள்ளையோ கிழக்கிலிருந்து மேற்கே மெதுவாக நகர்ந்தது. ஒரே வானத்தில் இரண்டு பக்கம் போக்குவரத்து. களத்தில் பருப்பைப் பலகையால் தள்ளிக் கிளறிக்கொண்டிருந்த வேலைக்கார அக்கா அண்ணாந்து பார்த்து, "தல சுத்துதுங் கண்ணு" என்றார்.

எங்கள் களத்திலிருந்து பார்த்தால் மூன்று காற்றாலை தெரியும். நான் வானிலை படித்தது அவற்றிடம்தான். ஆனி, ஆடியில் மூன்றும் மேற்கே பார்த்து மூச்சுவிடாமல் சுற்றும். ஐப்பசிக்கு மேல் வடகிழக்கே திரும்பிப் பாதி நாள் சும்மா நிற்கும். காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் தலையைத் திருப்பிக்கொள்வதற்கு உள்ளே மோட்டார் இருக்கிறதாம். ஒன்று மட்டும் பழுது. இரண்டு வருஷமாக மேற்கே பார்த்தபடி நிற்கிறது, எங்கள் ஊருக்கு வந்த புதிதில் நான் நின்ற மாதிரி.

வெள்ளிக்கிழமை மதியம் மற்ற இரண்டும் நேர் வடக்கே திரும்பியிருந்தன. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், தாழ்வு நம் இடதுகைப் பக்கம் இருக்கும். நம் பூமத்திய ரேகைக்கு வடக்கே இருக்கிற எல்லோருக்கும் இது பொருந்தும், ஏனென்றால் இங்கே தாழ்வைச் சுற்றிக் காற்று கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழல்கிறது. களத்தில் நின்று வடக்கே முதுகைக் காட்டி இடதுகையை நீட்டினேன். கை கிழக்கே காட்டியது. நாகப்பட்டினம் இங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 250 கிலோமீட்டர். அதற்கும் அந்தப் பக்கம், கடலில் எங்கேயோ கிடக்கும் ஒன்றைக் களத்தில் நின்றபடியே கையால் காட்ட முடிவது எனக்கு இன்னும் அலுக்கவில்லை. எங்கள் வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு வந்து, "ஏன், யாருக்கு வழி காட்டற?" என்று கேட்டார்.

மூன்று மணிக்குத் தப்புப் பண்ணினேன். பருப்பை அள்ளிவிடலாம் என்று மாமா சொன்னார். போனில் மாலை ஆறு வரை சூரியப் படம் போட்டிருந்தது. இன்னும் இரண்டு மணி நேரம் காயட்டும் என்றேன். நாலு மணிக்குச் சிவன்மலை மறைந்தது. எங்களுக்கு வடக்கே சிவன்மலை, தெற்கே ஊதியூர் மலை. இதில் எது முதலில் காணாமல் போகிறதோ அந்தப் பக்கமிருந்து மழை வருகிறது என்று கணக்கு. சிவன்மலை மங்கலாகி, சாம்பலாகி, இல்லாமலே போனதும் ஐந்து பேரும் ஓடினோம். படுதாவை இழுத்து மூடுவதற்குள் பொடித்தூறல் விழுந்துவிட்டது. ஒரு ஓரம், நான்கு கூடை அளவு, நனைந்தது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மழையாக அது பெரிதில்லை. சனிக்கிழமை காலை எட்டரைக்கு அளவியில் ஒன்றரை மில்லிமீட்டர். டிவியில், விடியற்காலையே கரையைக் கடந்துவிட்டது, வலுவிழந்துவிட்டது, ஆபத்து நீங்கியது. நிருபர் கடற்கரையில் நின்று குடையை மடக்கினார். அடுத்து தங்கம் விலை.

எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். 'கரையைக் கடந்தது' என்றதும் கதை முடிந்துவிட்ட மாதிரி பேசுகிறார்கள். கடந்து எங்கே போனது? எங்களைப் பார்த்துத்தான் வருகிறது. 2024-இல் ஃபெஞ்சல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிப் பக்கம் கரையேறியபோதும் இப்படித்தான் மூச்சு விட்டார்கள். புதுச்சேரியில் கொட்டியதை எல்லோரும் காட்டினார்கள். அது அங்கேயே மணிக்கணக்கில் நகராமல் நின்றது, புயல் என்ற பெயரை இழந்தது, அதற்கப்புறம் உள்ளே நடந்து டிசம்பர் 2 காலை முடிந்த ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் கொட்டியது. கிருஷ்ணகிரி மாவட்டம், கடலே தெரியாத ஊர். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்ற வண்டிகள் வெள்ளத்தில் உருண்டு போனதை அப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். காற்றுக்குத்தான் வலு குறையும். சுமந்து வந்த தண்ணீர் அப்படியே இருக்கும். கடலை விட்டு ஏறியதும் சூடான தண்ணீர் கிடைக்காமல் சுழற்சி தளர்ந்துபோகிறது, ஆனால் கையில் இருக்கிற மூட்டையை எங்கேயாவது இறக்கித்தானே ஆக வேண்டும்? எங்கே இறக்கும் என்பதுதான் எங்கள் கவலையும் ஆசையும். இரண்டும் ஒரே வாயில் வருகிறது. படுதாவுக்கு அடியில் பருப்பு இருக்கிறது, வராதே. கொறங்காட்டில், மாடு மேயும் நிலத்தில், கொழுக்கட்டைப்புல் காய்ந்து கிடக்கிறது, வா.

சனிக்கிழமை முழுக்க மந்தாரம். மழை என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் இதை 'மூடாக்கு' என்பார்கள். மாடுகள் கட்டுத்தரையில் முதுகைக் குறுக்கிக்கொண்டு நின்றன. கிளுவை வேலியில் ஓணான் ஒன்றுகூட இல்லை. அத்தை கொள்ளை ஊறப்போட்டு ரசம் வைத்தார். மணிக்கொரு தடவை படுதாவைத் தூக்கி வேர்வையைத் துடைத்தோம். மூடியே வைத்தால் பருப்பு உள்ளுக்குள் வெந்துவிடும். மதியம் இரண்டு காற்றாலையும் வடகிழக்கே திரும்பியிருந்தன. முதுகைக் காட்டி நின்றேன். இடதுகை தென்கிழக்கைக் காட்டியது. அப்படியென்றால் எங்களுக்குத் தெற்கே கடக்கப்போகிறது. கஜா போன வழி.

"வடக்கால போனா மேகாத்து உள்ள பூந்து மேகத்தக் கலச்சிப்போடும். தெக்கால போனாத்தான் கீகாத்து நிக்கும்," என்றார் மாமா. கீகாத்து என்றால் கிழக்குக் காற்று. அவர் இடதுகை, வலதுகை எதுவும் நீட்டவில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டே சொன்னார். நான் பத்து நிமிஷம் விளக்கம் படித்துப் புரிந்துகொண்டதை அவருடைய அப்பா அவருக்கு ஏதோ ஒரு கார்த்திகையில் ஒரு வரியில் சொல்லியிருக்க வேண்டும்.

ராத்திரி பதினொன்றரைக்கு ஆரம்பித்தது. இடி இல்லை, மின்னல் இல்லை. சித்திரை மழை மாதிரி அடித்துக்கொண்டு வரவில்லை. ஓட்டின் மேல் யாரோ அரிசியைப் புடைப்பது மாதிரி ஒரே சீராகப் பெய்தது. கரண்ட் போனது. பையன் தூக்கத்தில் புரண்டு, "மழையா?" என்றான். நான் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால் வெளிச்சத்துக்குள் தாரை சாய்ந்து விழுந்தது, கிழக்கேயிருந்து மேற்கே. பன்னிரண்டரைக்குக் கொஞ்சம் விட்டது. தென்னை ஓலையிலிருந்து சொட்டும் சத்தம் மழையைவிடப் பெரிதாகக் கேட்டது. மறுபடி ஒரு மணிக்கு. மறுபடி மூன்று மணிக்கு. அலையலையாக வந்தது. புயலின் கைகள் என்று படத்தில் காட்டுவார்களே, அந்தச் சுருள்கள் ஒவ்வொன்றாக எங்கள் மேல் போகின்றன என்று நினைத்துக்கொண்டேன். நான்கு மணிக்கு எங்கள் வீட்டுக்காரர் எழுந்து வந்து படுதாவின் மேல் தேங்கின தண்ணீரைத் துடைப்பக் குச்சியால் முட்டுக்கொடுத்து இறக்கினார். எனக்கு ஒரு போர்வையும் வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிறு காலை எட்டரைக்கு 22 மில்லிமீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். எங்கள் களம் மட்டுமே 557 சதுர மீட்டர். அதன்மேல் விழுந்தது 12,000 லிட்டருக்கு மேல், அதாவது டிராக்டர் டேங்கர் இரண்டு லோடும் கொசுறும். களத்தின் சரிவில் வாய்க்கால் வெட்டிக் கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய குழிக்கு விட்டிருக்கிறோம். குழி ததும்பிக் கிடந்தது. எண்ணை மாமாவிடம் சொன்னேன். அவர் அளவியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாசலில் கிடக்கும் பழைய ஆட்டாங்கல் குழிக்குள் விரலை விட்டார். அப்புறம் மண்வெட்டியோடு சோளக்காட்டுக்குப் போய் ஒரு வெட்டு வெட்டி, ஈரம் இறங்கிய ஆழத்தை விரலால் அளந்தார்.

"ஒரு உழவு மழை," என்றார். "இன்னும் நாலு விரல் எறங்கியிருந்தா நெம்ப நல்லாருக்கும்."

நோட்டில் 22 என்று எழுதி, பக்கத்தில் 'ஒரு உழவு, நாலு விரல் குறைச்சல்' என்றும் எழுதிவைத்தேன். பின்னால் பார்க்கும்போது எது உதவும் என்று யார் கண்டது.

நனைந்த நான்கு கூடை செவந்துவிட்டது. தனியாகப் பிரித்து வைத்தோம். அது சோப்பு எண்ணெய்க்குப் போகும், விலை பாதி. பிரித்துக்கொண்டிருக்கும்போது பத்து மணி வாக்கில் இன்னும் ஒரு தூறல், அவ்வளவுதான். பதினொன்றுக்குக் காற்றாலைகள் தென்கிழக்கே திரும்பின. முதுகைக் காட்டினால் இடதுகை தென்மேற்கே போனது. எங்களைத் தாண்டிவிட்டது. மேகம் கிழிந்து நீலம் தெரிந்தது. மழை கழுவிய வானம் என்பதால் ஊதியூர் மலைக்கும் அப்பால் பழனி மலைத்தொடர் முழுசாகத் தெரிந்தது, மடிப்பு மடிப்பாக, ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு வெள்ளைத் துணி சிக்கின மாதிரி மேகம். வருஷத்தில் நான்கைந்து நாள்தான் இப்படித் தெரியும். வேலைக்கார அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பழனியாண்டவா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, அதே கையோடு படுதாவின் ஒரு முனையைப் பிடித்தார்.

மதியம் பருப்பைப் பரப்பிவிட்டு அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"அங்க எப்படி இருக்குதுங்கப்பா வானம்?"

"இங்க என்ன, வெயிலு. புயலுதான் நேத்தே கரையக் கடந்து ஓஞ்சு போச்சுன்னு டிவில சொன்னாங்களே."

"காத்து எங்கிருந்து அடிக்குது?"

"இரு, பாக்கறேன்." செருப்புச் சத்தம் கேட்டது. "வடகெழக்காட்டருக்குது."

"அப்பா, கெழக்கால பாருங்க."

"மழைக்கு நாம எப்பவும் மேக்காலதானே அம்மணி பாப்போம்."

"இன்னிக்குக் கெழக்கால பாருங்க."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. ஒரு நாய் குரைத்தது. அம்மா எதையோ கேட்டார். அப்புறம் அப்பா குரல் மாறியிருந்தது.

"சரி, போன வெய்யி. சோளத்தட்டு அறுத்து வரப்பு மேலயே கெடக்குது. எடுத்து அடுக்கோணும்."